மனநலம், நரம்பியல் வளர்ச்சிக் குறைபாடுகள் பற்றிய ஆய்வுக்கு நிதியளிப்பது எப்படி? சிறிய அறக்கட்டளைகளுக்கும் குடும்பங்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 97 கோடிப் பேர், அதாவது எட்டில் ஒருவர், ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றுடன் வாழ்ந்துகொண்டிருந்தனர். ஆட்டிசம், ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு ஆகியவையும் இந்தக் கணக்கில் அடங்கும். இதற்கு எதிர்ப்பக்கத்தில், 2015 முதல் 2019 வரை உலகம் முழுவதும் மனநல ஆய்வுக்குச் செலவான தொகை ஆண்டுக்குச் சுமார் 370 கோடி அமெரிக்க டாலர் என மதிப்பிடப்பட்டுள்ளது. மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தால் தலைக்கு அரை டாலர். அந்த அரை டாலரின் மிகப் பெரும் பகுதியும் வருமானம் மிகுந்த நாடுகளிலேயே செலவாகியிருக்கிறது.

இந்த வழிகாட்டி அரசுகளுக்காக எழுதப்பட்டதன்று. பிள்ளையை இழந்த பின் அந்தப் பிள்ளையின் பெயரில் அறக்கட்டளை தொடங்கும் பெற்றோர், ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சங்கம், சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு பங்கை ஆய்வுக்கு ஒதுக்க விரும்பும் நிறுவனம், ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர் குழு ஆகியோரை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. இவர்களிடம் இருக்கும் தொகை சிறியது. ஆனால் அரசு நிதியும் மருந்து நிறுவனங்களின் நிதியும் தொடாத ஒரு கேள்வியைத் தேடி எடுத்து, அந்தக் கேள்வியோடு வாழ்பவர்களைக் கலந்து பேசி, நிபந்தனைகளை முன்கூட்டியே எழுதிக்கொண்டு, சில ஆண்டுகள் விடாமல் கொடுத்தால், அந்தச் சிறிய தொகை தன் அளவை மீறிய பலனைத் தரும். இதைச் செய்வதற்கான படிகளைப் பின்வரும் பகுதிகளில் காணலாம்.

முதல் படி: நோயின் பெயரை விட்டுக் கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

"ஆட்டிசம் ஆய்வுக்கு நிதி தருகிறோம்" என்று அறிவிப்பதே பெரும்பாலான புதிய அறக்கட்டளைகளின் முதல் அறிவிப்பாக இருக்கிறது. அது ஒரு நோக்கம், கேள்வி ஆகாது. ஆட்டிசம் என்ற ஒற்றைச் சொல்லின் கீழ் மரபணு ஆய்வும் வருகிறது, பேச்சுப் பயிற்சியும் வருகிறது, நாற்பது வயதில் வேலை கிடைக்காமல் மனச்சோர்வில் விழும் மனிதரின் துயரமும் வருகிறது. எதையும் குறிப்பிடாமல் விட்டால், அந்தத் துறையில் ஏற்கெனவே வலுவாக இருக்கும் ஆய்வகங்கள் தாங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதற்கே உங்கள் பணத்தைக் கேட்கும். அதில் அவர்கள் பிழை ஏதுமில்லை; கேள்வியை நீங்கள் கேட்கவில்லை என்பதுதான் குறை.

கேள்வியைக் கண்டடைவதற்கு நன்கு சோதிக்கப்பட்ட ஒரு முறை இருக்கிறது. பிரிட்டனில் 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் என்னும் அமைப்பு, நோயுற்றோர், அவர்களைப் பராமரிப்போர், மருத்துவத் துறையினர் ஆகிய மூன்று தரப்பையும் ஒரே மேசையில் அமர்த்தி, இன்னும் விடை கிடைக்காத கேள்விகளைத் திரட்டி, அவற்றிலிருந்து முதல் பத்தைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை உருவாக்கியது. ஆட்டிசம் குறித்து 2016ஆம் ஆண்டு வெளியான பட்டியலில் முதலிடம் பெற்றது மரபணுவும் அன்று, நோய்க்காரணமும் அன்று. ஆட்டிசம் உள்ளவர்களின் மனநலத்தை மேம்படுத்த எந்தச் சிகிச்சைகள் உதவும் என்பதே அங்கு முதலாவதாக நின்ற கேள்வி. அதுவரை அந்தத் துறையில் ஆய்வுப்பணத்தின் பெரும்பகுதி உயிரியல் ஆய்வுகளுக்கே போய்க்கொண்டிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், கேட்காமலே கொடுக்கப்படும் பணம் எவ்வளவு தூரம் விலகிப்போகும் என்பது விளங்கும்.

சிறிய அமைப்பால் இதே முறையைச் சுருக்கமாகச் செய்ய முடியும். முப்பது நாற்பது குடும்பங்களிடமும், அந்த நிலையோடு வாழும் பெரியவர்களிடமும், சில சிகிச்சையாளர்களிடமும், "உங்களுக்கு இன்று தெரிய வேண்டியும் யாராலும் சொல்ல முடியாமல் இருப்பது எது?" என்ற ஒரே வினாவை எழுத்தில் கேளுங்கள். வரும் விடைகளைத் தொகுத்து, அவற்றுள் ஏற்கெனவே விடை கிடைத்துவிட்டவற்றை ஒரு நூலகரின் அல்லது ஆய்வு மாணவரின் உதவியோடு நீக்குங்கள். எஞ்சியவற்றை ஒரு நாள் கூட்டத்தில் வரிசைப்படுத்துங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: பெற்றோரின் குரலும் அந்த நிலையோடு வாழ்பவரின் குரலும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. குழந்தை அமைதியாக உட்கார வேண்டும் என்பது பெற்றோரின் கேள்வியாக இருக்கலாம். இரைச்சல் ஏன் உடலை வலிப்பதுபோல் வருத்துகிறது என்பது அந்தக் குழந்தை வளர்ந்த பின் கேட்கும் கேள்வியாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே பதிவுசெய்யுங்கள். ஒன்றை மற்றொன்றுக்குள் கரைத்துவிட வேண்டாம்.

இரண்டாம் படி: பணம் எங்கே போகவில்லை என்று பாருங்கள்

பெரிய நிதியாளர்கள் யார் என்பதைத் தெரிந்துகொள்வது, அவர்கள் செய்வதைத் திரும்பச் செய்யாமல் இருப்பதற்காகத்தான். அமெரிக்காவில் 1949ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேசிய மனநல நிறுவனம், பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை, ஆட்டிசம் மரபணு ஆய்வில் பெருந்தொகை செலவிட்டுள்ள சைமன்ஸ் அறக்கட்டளை, மனநோய்களின் மரபணு வேர்களைத் தேட 2014ஆம் ஆண்டு 65 கோடி டாலர் நன்கொடை பெற்ற பிராட் நிறுவனத்தின் ஸ்டான்லி மையம் ஆகியவை இந்த வரிசையில் வரும். இவர்கள் நிற்கும் இடத்தில் உங்கள் சிறுதொகை ஆற்றில் கரைத்த புளியாகிவிடும்.

மருந்து நிறுவனங்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 2010ஆம் ஆண்டு கிளாக்சோஸ்மித்க்ளைனும் அஸ்ட்ராசெனெகாவும் மனநோய் மருந்து ஆய்வின் பெரும்பகுதியிலிருந்து விலகுவதாக அறிவித்தன. மூளையின் இயக்கம் சிக்கலானது, விலங்குகளில் வெற்றி கண்ட மருந்துகள் மனிதரிடம் தோற்றுப்போயின, சோதனைகள் நீண்ட காலமும் பெருஞ்செலவும் பிடித்தன என்பவை அந்த விலகலுக்குப் பின்னிருந்த காரணங்கள். லாபம் தராத பொருளைத் தனியார் பணம் தேடி வராது என்பதற்கு லித்தியம் என்னும் உப்பே பழைய சாட்சி. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949ஆம் ஆண்டிலேயே அது கட்டுக்கடங்காத பித்தவெறி நிலையைத் தணிக்கிறது என்று எழுதினார். ஆனால் இயற்கையில் கிடைக்கும் எளிய உப்புக்குக் காப்புரிமை பெற முடியாது. அதை முன்னெடுக்க எந்த நிறுவனத்துக்கும் ஆர்வம் இருக்கவில்லை. நச்சுத்தன்மை பற்றிய அச்சமும் சேர்ந்துகொள்ள, அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைக்க 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே உங்கள் கண் தேட வேண்டிய இடங்கள் இவை: காப்புரிமை பெற முடியாத பழைய மருந்துகள், பேச்சுவழிச் சிகிச்சைகள், பெற்றோருக்கான பயிற்சிகள், பள்ளிகளில் செய்யக்கூடிய மாற்றங்கள், மருந்தை எப்போது எப்படி நிறுத்துவது என்பது பற்றிய ஆய்வுகள், முதுமையை எட்டிய ஆட்டிசம் உள்ளவர்களின் உடல்நலம், பேச்சு வராதவர்களின் வலியையும் மனச்சோர்வையும் கண்டறியும் வழிகள். இவற்றுள் கடைசியாகச் சொன்னது என் மனத்துக்கு மிக நெருக்கமானது. வாய்விட்டுச் சொல்ல இயலாதவரின் துயரம் ஆய்வுகளிலிருந்து பெரும்பாலும் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டுவிடுகிறது, ஏனெனில் கேள்வித்தாளை நிரப்ப முடியாதவரை ஆய்வில் சேர்ப்பதற்குக் கூடுதல் செலவாகும்.

மூன்றாம் படி: ஆய்வுச் சங்கிலியின் எந்தக் கண்ணியில் நிற்பது என்று முடிவெடுங்கள்

ஆய்வகத்தில் தொடங்கி வீட்டு வாசலில் முடியும் நீண்ட சங்கிலி ஒன்று இருக்கிறது. ஃபீனைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் குறைபாட்டின் கதை அதை முழுமையாகக் காட்டுகிறது. 1934ஆம் ஆண்டு நார்வேயில், தன் இரு குழந்தைகளும் ஏன் வளர்ச்சி குன்றியிருக்கிறார்கள் என்று விடாமல் கேட்ட ஒரு தாயின் வற்புறுத்தலால், அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அந்தக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து, உடலில் தேங்கும் பொருளைக் கண்டறிந்தார். 1950களின் தொடக்கத்தில் ஹார்ஸ்ட் பிக்கெலும் அவருடைய கூட்டாளிகளும் தனிவகை உணவின் மூலம் அந்தத் தேக்கத்தைக் குறைக்க முடியும் என்று காட்டினர். 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து எடுத்த சில துளி இரத்தத்தை வடிதாளில் ஊறவைத்துச் செய்யும் எளிய சோதனையை உருவாக்கினார். அறிவுசார் குறைபாடுள்ள மகனின் தந்தை அவர். காரணம், சிகிச்சை, முன்கூட்டியே கண்டறிதல் ஆகிய மூன்று கண்ணிகளும் இணைந்த பிறகுதான், சோதனை நடைமுறையில் உள்ள இடங்களில் அந்தக் குறைபாட்டால் வரும் கடுமையான அறிவுசார் பாதிப்பு பெருமளவு தடுக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

இன்னோர் எடுத்துக்காட்டு ரெட் நோய்க்குறி, பெரும்பாலும் பெண் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் அரிய மரபணுக் குறைபாடு. ஆண்ட்ரியாஸ் ரெட் 1966ஆம் ஆண்டு அதை விவரித்தார். ஹுடா ஸொக்பியின் குழு 1999ஆம் ஆண்டு அதற்குக் காரணமான மரபணுவைக் கண்டறிந்தது. ஏட்ரியன் பர்டின் குழு 2007ஆம் ஆண்டு, அந்த மரபணுவை மீண்டும் இயங்கச் செய்தால் எலிகளில் அறிகுறிகள் பெருமளவு மறைகின்றன என்று காட்டியது. அந்நோய்க்கென்றே முதன்முதலாக அமெரிக்காவில் ஒரு மருந்துக்கு, டிரோஃபினடைடுக்கு, 2023ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. அதன் பலன் அளவானதுதான். இந்த நீண்ட பயணத்தில் பெற்றோர் தொடங்கிய அறக்கட்டளைகள் ஆய்வாளர்களை ஒன்று கூட்டியும் தொடக்கநிலைப் பணம் கொடுத்தும் உடன் நடந்தன.

மறுபுறம், 2002 முதல் 2015 வரை அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் இயக்குநராக இருந்த தாமஸ் இன்செல், தம் பதவிக்காலத்தில் நரம்பணுவியலுக்கும் மரபியலுக்கும் சுமார் 2,000 கோடி டாலர் செலவிட்ட பிறகும் தற்கொலைகளும் மருத்துவமனைச் சேர்க்கைகளும் குறையவில்லை என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அடிப்படை ஆய்வு வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஃபோலிங் இல்லாமல் கத்ரி இல்லை. ஆனால் சங்கிலியின் முதல் கண்ணிக்கே எல்லாப் பணமும் போய்விட்டால் கடைசிக் கண்ணியில் நிற்பவர் காத்துக்கொண்டே இருப்பார்.

என் பரிந்துரை இதுதான். உங்கள் கவனம் ஓர் அரிய மரபணுக் குறைபாட்டின் மீது என்றால், நோயாளிப் பதிவேடு, திசு வங்கி, இயல்பான நோய்ப்போக்கைக் கவனிக்கும் நீண்டகால ஆய்வு ஆகியவற்றுக்குக் கொடுங்கள். யார் எந்த மருந்தைக் கொண்டுவந்தாலும் இவை தேவைப்படும், பெரிய நிதியாளர்களோ இவற்றில் ஆர்வம் காட்டுவது குறைவு. உங்கள் கவனம் மனச்சோர்வு, பதற்றம், ஆட்டிசம், ஏடிஎச்டி போன்ற பரவலான நிலைகளின் மீது என்றால், ஏற்கெனவே பலன் தரும் என்று தெரிந்த உதவியை எளிய இடங்களுக்குக் கொண்டுசேர்க்கும் ஆய்வுகளை முதலில் பாருங்கள்.

நான்காம் படி: கொடுக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள்

சொந்தமாக நிதிநல்கைத் திட்டம் நடத்துவது பெருமையாகத் தோன்றலாம். ஆனால் விண்ணப்பங்களை வரவழைத்து, மதிப்பிட்டு, கணக்குப் பார்த்து, அறிக்கை வாங்கும் வேலைக்கு ஆட்கள் வேண்டும். ஆண்டுக்கு ஒரு நல்கைக்கு மேல் கொடுக்க இயலாத அமைப்பு, மதிப்பீட்டு முறை ஏற்கெனவே வலுவாக உள்ள ஒரு பெரிய நிதியமைப்போடு சேர்ந்து, தன் கேள்விக்கு மட்டும் உரிய கூட்டு நல்கையாகக் கொடுப்பதே சிக்கனமானது.

தனியாகக் கொடுப்பதானால் சிறு தொகைக்கு மிகப் பொருத்தமானது இளம் ஆய்வாளருக்கான நல்கை. 1987ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட மூளை மற்றும் நடத்தை ஆய்வு அறக்கட்டளை, இளம் ஆய்வாளர் ஒருவருக்கு இரண்டு ஆண்டுகளில் 70,000 டாலர் வரை கொடுக்கும் முறையைப் பல காலமாகப் பின்பற்றுகிறது. முன்னோட்டத் தரவு இல்லாமல் பெரிய நிதி கிடைக்காது. பெரிய நிதி இல்லாமல் முன்னோட்டத் தரவு திரட்ட முடியாது. இந்தச் சுழலிலிருந்து ஓர் இளையவரை வெளியே இழுத்துவிடுவதுதான் அத்தகைய நல்கையின் பணி. அதே தொகையை மூத்த பேராசிரியர் ஒருவரின் பெரிய ஆய்வகத்தில் போட்டால் ஒரு கருவி வாங்கவே அது செலவாகிவிடும்.

ஐந்தாம் படி: அறிவிப்பு, மதிப்பீடு, தேர்வு

அறிவிப்பு இரண்டு பக்கங்களைத் தாண்ட வேண்டியதில்லை. கேள்வி, யார் விண்ணப்பிக்கலாம், எவ்வளவு தொகை, எத்தனை ஆண்டு, எப்படித் தேர்ந்தெடுக்கப்படும், எப்போது முடிவு தெரியும் என்பவை தெளிவாக இருந்தால் போதும். முதற்கட்டத்தில் இரண்டு பக்கச் சுருக்கத்தை மட்டும் கேட்டு, அவற்றில் ஐந்தாறு பேரை முழு முன்மொழிவுக்கு அழையுங்கள். தேர்வாகாத நூறு பேரின் பல வார உழைப்பை வீணாக்குவதும் ஆய்வுக்கு நேரும் இழப்புதான்.

மதிப்பீட்டுக்குத் துறை வல்லுநர்கள் இருவரேனும், புள்ளியியலாளர் ஒருவர், அந்த நிலையோடு வாழ்பவர் ஒருவர், பராமரிப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். புள்ளியியலாளரைக் கடைசியில் அழைப்பது பரவலான தவறு. அனுபவத்தால் வந்தவருக்கும் வல்லுநருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தைக் கொடுங்கள். முன்மொழிவின் எளிய மொழிச் சுருக்கத்தை முன்கூட்டியே அனுப்புங்கள். கூட்டத்தில் அவரை முதலில் பேசச் சொல்லுங்கள். பேராசிரியர்கள் பேசி முடித்த பின் ஒரு தாயையோ, மனச்சிதைவிலிருந்து மீண்ட இளைஞரையோ "நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்பது மரியாதை போலத் தோன்றினாலும், அதற்குள் முடிவு ஆகிவிட்டிருக்கும்.

மதிப்பீட்டாளர் ஒவ்வொருவரும் நலன் முரண் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். ஒரே நிறுவனம், அண்மையில் சேர்ந்து எழுதிய கட்டுரை, வழிகாட்டி மாணவர் உறவு, உறவினர் தொடர்பு ஆகிய எதுவாயினும் அந்த விண்ணப்பத்தின் விவாதத்தின்போது அவர் வெளியேறிவிட வேண்டும். அறங்காவலர்களுக்கும் இதே விதி பொருந்தும். தங்கள் குழந்தைக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரின் விண்ணப்பத்தின்மேல் ஒரு குடும்பம் முடிவெடுப்பது, நன்றியுணர்வின் காரணமாகவே, நடுநிலையானதாக இருக்காது.

மதிப்பெண் வரிசையில் மேலே உள்ள இரண்டு மூன்று விண்ணப்பங்களும் கீழே உள்ளவையும் எளிதில் பிரிந்துவிடும். நடுவில் நிற்பவற்றுள் எது சிறந்தது என்று சொல்வதில் வல்லுநர்களே ஒத்துப்போவதில்லை. நியூசிலாந்தின் உடல்நல ஆய்வுக் கழகம் 2013ஆம் ஆண்டு முதல், புதுமையான முயற்சிகளுக்கான ஒரு நல்கையில், தகுதிபெற்ற விண்ணப்பங்களுக்கிடையே குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறது. முதலில் இது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் புள்ளி ஒன்றின் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு நியாயம் செய்துவிட்டதாக நம்புவதைவிட இது நேர்மையானது என்றே நான் கருதுகிறேன்.

ஆறாம் படி: நிதித்திட்டத்தை வரிவரியாகப் படியுங்கள்

ஆய்வு தோற்பது பெரும்பாலும் கருதுகோளில் அன்று, நிதித்திட்டத்தில்தான். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆய்வின் இறுதியில் 120 பேரின் தரவு தேவை என்று வைத்துக்கொள்வோம். ஐவரில் ஒருவர் இடையில் விலகிவிடுவார் என்றால் 150 பேரைச் சேர்க்க வேண்டும். கேட்கப்படுபவர்களில் பாதிப் பேர்தாம் சம்மதிப்பார்கள் என்றால் 300 பேரை அணுக வேண்டும். ஒரு சிகிச்சை மையத்துக்கு மாதம் 10 தகுதியுள்ளவர்கள்தாம் வருகிறார்கள் என்றால், சேர்க்கைக்கு மட்டுமே 30 மாதங்கள் ஆகும். "சேர்க்கைக்கு ஓராண்டு" என்று முன்மொழிவில் எழுதியிருந்தால் இரண்டாவது மையம் எங்கே, அதற்கான ஆள் எங்கே என்று கேளுங்கள். கடந்த ஆண்டில் அந்த மையத்துக்கு மெய்யாகவே எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையை எழுத்தில் வாங்குங்கள்.

அளவீட்டுக் கருவிகளின் செலவை அடுத்துப் பாருங்கள். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 வினாப்பட்டியலை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஆட்டிசத்தை மதிப்பிடும் ஏடாஸ் என்னும் கருவித்தொகுப்பையோ விலை கொடுத்துத்தான் வாங்க முடியும், அதைக் கையாளத் தனிப் பயிற்சி பெற்றவரும் வேண்டும். ஒரு வினாப்பட்டியலை இன்னொரு மொழிக்குக் கொண்டுவருவதும் வெறும் மொழிபெயர்ப்பு வேலையாக முடிந்துவிடுவதில்லை. மொழிபெயர்த்து, மறுபடியும் மூலமொழிக்கு மாற்றிப் பார்த்து, அந்த மொழி பேசுபவர்களிடம் சோதித்து, அவர்கள் "மனசு பாரமாக இருக்கிறது" என்று சொல்வது வினாப்பட்டியலின் எந்த வரியில் அடங்கும் என்று ஆராய்ந்து சரிசெய்ய மாதங்கள் ஆகும். நிதித்திட்டத்தில் இதற்கு வரி இல்லையென்றால், அந்த வேலை நடக்காது என்றே கொள்ளுங்கள்.

சிகிச்சை தந்தவரே பலனையும் அளந்தால் அந்த அளவீட்டை நம்ப முடியாது. யாருக்கு எந்தச் சிகிச்சை கிடைத்தது என்று அறியாத தனி மதிப்பீட்டாளர் வேண்டும், அவருக்கும் சம்பளம் வேண்டும். களப்பணியாளர்களின் சம்பளத்தைக் குறைத்துக் கணக்கைச் சிறிதாக்கும் முன்மொழிவுகளை ஏற்க வேண்டாம். பதினெட்டு மாதங்களில் மூன்று பேர் வேலையை விட்டுச் சென்றால், பங்கேற்பாளர்கள் தங்கள் துயரத்தை மூன்று புதிய முகங்களிடம் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும்.

பாதுகாப்புக்கென்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். மனநல ஆய்வில் யாரேனும் ஒருவர் தற்கொலை எண்ணத்தை வெளிப்படுத்தத்தான் செய்வார். அப்போது களப்பணியாளர் யாரை அழைப்பார், எவ்வளவு நேரத்துக்குள் மருத்துவர் பேசுவார், விடுமுறை நாளில் என்ன ஏற்பாடு, அந்த மருத்துவரின் நேரத்துக்கு யார் பணம் தருகிறார் என்பவை எழுதப்பட்டிராத முன்மொழிவு எவ்வளவு அறிவார்ந்ததாக இருந்தாலும் அதைத் திருப்பி அனுப்புங்கள்.

பங்கேற்பாளர்களின் பயணச் செலவு, இழந்த நாள்கூலிக்கான ஈடு, உடன்வருபவரின் செலவு ஆகியவையும் இடம்பெற வேண்டும். நிறுவனத்தின் மேல்செலவு விழுக்காட்டைப் பற்றிச் சிறு நிதியாளர்கள் கடுமையாகப் பேரம் பேசுவதுண்டு. மின்சாரமும் கணக்காளரும் அறநெறிக் குழுவும் இல்லாமல் ஆய்வு நடக்காது என்பதால், அதைச் சுழியம் ஆக்க முயல வேண்டாம். உச்சவரம்பை அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

ஏழாம் படி: ஒப்பந்தம்

பணம் தருபவர் யார் என்பது மறைக்கப்பட்டால் என்ன நேரும் என்பதை இந்தத் துறை பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 1998ஆம் ஆண்டு ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் பிறரும் 12 குழந்தைகளை மட்டும் வைத்து லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற அச்சத்தைக் கிளப்பியது. தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க முயன்ற வழக்கறிஞர்கள் வழியாக அவருக்குப் பணம் வந்திருந்தது. அதை அவர் அப்போது தெரிவிக்கவில்லை. கட்டுரை 2010ஆம் ஆண்டுதான் திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், அந்த அச்சத்தைப் போக்குவதற்காக மட்டுமே எத்தனையோ ஆய்வுகள் செய்யப்பட்டன. 2002ஆம் ஆண்டு வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று மட்டுமே 5,37,303 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து, அந்தத் தொடர்புக்கு ஆதாரம் இல்லை என்று காட்டியது. ஆட்டிசம் உள்ளவர்களின் வாழ்வை மேம்படுத்தப் போயிருக்க வேண்டிய உழைப்பு அது.

பதின்வயதினரின் மனச்சோர்வுக்குப் பராக்ஸிடின் மருந்து பலன் தருகிறது என்று 2001ஆம் ஆண்டு வெளியான, மருந்து நிறுவனத்தின் பணத்தில் நடந்த, ‘ஆய்வு 329’ எனப்படும் ஆய்வு இன்னொரு பாடம். அதன் மூலத் தரவை வேறு ஆய்வாளர்கள் மறுபடியும் ஆராய்ந்து 2015ஆம் ஆண்டு வெளியிட்டபோது, மருந்து பலன் தரவில்லை, தீங்குகள் இருந்தன என்று தெரியவந்தது.

எனவே ஒப்பந்தத்தில் பின்வருவன இருக்கட்டும். சோதனை ஆய்வு எதுவாயினும், முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன்பே பொதுப் பதிவேட்டில், முதன்மை விளைவு, அதாவது பலனை முதன்மையாக எதைக் கொண்டு அளக்கப்போகிறார்கள், எது என்ற குறிப்போடு பதிவுசெய்யப்பட வேண்டும். முடிவு எப்படி இருந்தாலும் வெளியிடும் உரிமையும் கடமையும் ஆய்வாளருக்கே. நிதியாளர் அதைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ முடியாது. அதாவது உங்கள் கைகளை நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும். நீங்கள் ஆழமாக நம்பும் ஒரு சிகிச்சை பலன் தரவில்லை என்று முடிவு வந்தால் அதை ஏற்பது ஒரு தாய்க்கோ தந்தைக்கோ எளிதன்று. அதனால்தான் உணர்ச்சி கொதிக்காத நாளில், பணம் கைமாறும் முன், இதை எழுதி வைக்க வேண்டும்.

அடையாளம் நீக்கப்பட்ட தரவைப் பிற ஆய்வாளர்கள் பயன்படுத்த வழி, அனைத்து நிதி ஆதாரங்களையும் கட்டுரையில் அறிவித்தல், அறநெறிக் குழுவின் ஒப்புதல் கிடைத்த பிறகே முதல் தவணை ஆகியவையும் வேண்டும். சம்மதம் பெறும் முறையைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். குழந்தையாயின் பெற்றோரின் சம்மதத்தோடு குழந்தையின் இசைவும் தேவை. பேசாத குழந்தைக்குப் படங்கள் வழியாக விளக்கலாம். அது முகத்தைத் திருப்பிக்கொள்வதும் எழுந்து போவதும் மறுப்பாகவே கொள்ளப்பட வேண்டும்.

எட்டாம் படி: ஆய்வு நடக்கும் காலம்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான்கு பக்க அறிக்கை போதும். அதில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது எத்தனை பேர் அணுகப்பட்டனர், எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் ஏன் விலகினர் என்ற மூன்று எண்கள். சேர்க்கை திட்டமிட்டதில் பாதிக்குக் கீழே போனால் உடனே பேசுங்கள், ஆண்டு இறுதிக்குக் காத்திருக்க வேண்டாம். பெரும்பாலும் காரணம் எளியதாகவே இருக்கும்: மையம் திறந்திருக்கும் நேரத்தில் பெற்றோர் வேலைக்குப் போயிருப்பார்கள், காத்திருக்கும் அறையின் வெளிச்சமும் இரைச்சலும் குழந்தையைக் கலங்கடித்திருக்கும். ஒரு மாலைநேரப் பணியாளரையோ அமைதியான ஓர் அறையையோ ஏற்பாடு செய்யத் தேவையான சிறு கூடுதல் தொகையை, தொடக்கத்திலேயே மொத்த நிதியில் பத்தில் ஒரு பங்காகத் தனியே எடுத்து வைத்திருந்தால் நல்லது.

ஆய்வுத் திட்டத்தை இடையில் மாற்ற வேண்டுமென்றால் எழுத்தில் காரணம் கேட்டு, பதிவேட்டிலும் திருத்தச் சொல்லுங்கள். முடிவுகளைப் பற்றி இடைக்காலத்தில் கேட்காதீர்கள்.

ஒன்பதாம் படி: முடிவு வந்த பிறகு

இயன் சாமர்ஸும் பால் கிளாசியூவும் 2009ஆம் ஆண்டு லான்செட் இதழில், மருத்துவ ஆய்வு முதலீட்டில் சுமார் 85 விழுக்காடு வீணாகிறது என்று மதிப்பிட்டனர். தேவையற்ற கேள்வி, பழுதான வடிவமைப்பு, வெளியிடாமை, பயன்படுத்த முடியாதபடி எழுதப்பட்ட அறிக்கை ஆகிய நான்கும் அவர்கள் சுட்டிய காரணங்கள். இவற்றுள் கடைசி இரண்டும் ஆய்வு முடிந்த பின் நிகழ்பவை. நிதியாளர் அதற்குள் அடுத்த திட்டத்துக்குச் சென்றுவிட்டிருப்பார்.

பலன் தரும் என்று தெரிந்தால் அதைப் பரப்பும் வழிக்கும் பணம் வேண்டும். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா 2006ஆம் ஆண்டு தொடங்கிய நட்பு இருக்கைத் திட்டத்தில், மருத்துவ மையத்தின் வெளியே உள்ள மரப்பலகையில் அமர்ந்து, பயிற்சி பெற்ற மூதாட்டிகள் மனச்சோர்வுற்றவர்களோடு பேசுகிறார்கள். அதன் பலனை உறுதிசெய்த சோதனை 2016ஆம் ஆண்டுதான் வெளியானது. இடையிலான பத்தாண்டுகளில் அந்த முயற்சி நின்றுபோகாமல் இருந்ததே அதன் வலிமை. கோவாவில் ஆரம்ப சுகாதார மையங்களில் மருத்துவர் அல்லாத பணியாளர்கள் அளித்த சிறு ஆலோசனைத் திட்டமும் சுமார் 500 பேரிடம் சோதிக்கப்பட்டு, 2017ஆம் ஆண்டு வெளியான முடிவுகளில் கடுமையான மனச்சோர்வைக் குறைத்ததாகத் தெரியவந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்குச் சிறப்புப் பட்டம் இல்லாத பணியாளர்கள் வழியாகப் பயிற்சி அளிக்கும் திட்டமொன்று, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு சோதிக்கப்பட்டது. 65 என்பது சிறு நிதியாளர்களின் கைக்கு எட்டக்கூடிய எண்ணிக்கை. அந்த அளவில் ஒரு நல்ல ஆய்வைச் செய்து, நிபுணர்கள் இல்லாத இடத்திலும் இது நடைபெறக்கூடியது என்று காட்டினால்தான் பெரிய நிதியாளர் அடுத்த கட்டத்துக்கு வருவார்.

பலன் தரவில்லை என்று தெரிந்தால், அதை அதே அக்கறையோடு வெளியிடச் செய்யுங்கள். பலனற்ற ஒரு பயிற்சிக்காக ஆண்டுக்கணக்கில் கடன் வாங்கிச் செலவிடும் குடும்பங்களுக்கு அந்த முடிவு ஒரு விடுதலை.

மொத்த நல்கையில் பத்து விழுக்காட்டைக் கடைசித் தவணையாக நிறுத்தி வைத்து, மூன்று வேலைகள் முடிந்த பின்னரே விடுவிப்பது நல்ல நடைமுறை. முதலாவது, முடிவுகள் பொதுப் பதிவேட்டில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, தரவு ஒரு பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்றாவது, பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் அவர்கள் பேசும் மொழியில், இரண்டு பக்கங்களுக்கு மிகாமல், "நீங்கள் கொடுத்த நேரத்திலிருந்து நாங்கள் அறிந்தது இது" என்று ஒரு மடல் போயிருக்க வேண்டும். படிக்க இயலாதவர்களுக்கு அதை நேரில் சென்று வாசித்துக் காட்ட ஒரு களப்பணியாளரின் இரண்டு வாரச் சம்பளத்தை நிதித்திட்டத்தில் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.